இடப்பக்கத்து நான்காவது கட்டம்

கால்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் என்பது பார்வையாளர்கள் அறிந்த கணக்கு. அந்தப் பதினொருவருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் யார் யாருக்குக் கீழே நிற்கிறார்கள் என்பது அலுவலக அலமாரி மட்டுமே அறிந்த கணக்கு.

அந்த அலமாரி மூன்று ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. புணே கேம்ப் பகுதியில் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். அவற்றுள் இருபது ஆண்டுகள் பள்ளியின் கால அட்டவணையையும் நானே தயாரித்தேன். ஓய்வு பெற்று வானவடியில் வீட்டோடு இருந்தபோது, இவ்வூரின் தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஒன்று, பிழையில்லாமல் கடிதம் எழுதவும் ஆவணங்களை ஒழுங்காக வைக்கவும் ஓர் ஆளைத் தேடியது. எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒருவர் என் பெயரைச் சொன்னார். அன்று முதல் பயிற்சியாளர் குழுவின் நியமனம், பதிவு, உரிமம், பட்டியல் எல்லாம் என் கையெழுத்தில்தான் தொடங்குகின்றன. பிறரைப் பட்டியலில் அடுக்கி வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், என் வெட்கத்தில் தங்கள் பங்கு எவ்வளவு என்று அவர்களே அறிவார்கள். அவர்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

பதினொரு அட்டைகள்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் மேசையில் பதினொரு அடையாள அட்டைகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்; மனம் நிறைந்தது. விளையாட்டைப் பற்றி அதிகம் அறியாதவள் என்றாலும், பதினொன்று என்றால் அணி என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தேன். சிலருக்கு நரை, ஒருவருக்குத் தொந்தி. தொழில்முறை ஆட்டக்காரர்கள் இவ்வளவு தளர்ந்திருக்கலாமா என்று சிறிது வருந்தினேன். பிறகு பதினொன்றையும் அகர வரிசைப்படி அடுக்கி, 'ஆட்டக்காரர்கள்' என்று எழுதிய கோப்பில் வைத்தேன்.

செயல்பாட்டு மேலாளர் கார்த்திக் மதியம் வந்து கோப்பைத் திறந்தார். கோயம்புத்தூர்க்காரர், இங்கே வாகட் பகுதியில் குடியிருக்கிறார், முன்பு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவர். பிறர் மனம் நோகாதபடி சிரிக்கத் தெரிந்தவர் என்றாலும், அன்று அந்தத் திறமை அவருக்கு முழுமையாகக் கைகொடுக்கவில்லை. "மேடம், இவங்க பிளேயர்ஸ் இல்லீங்க, பிளேயர்ஸைப் பார்த்துக்கறவங்க. பிளேயர்ஸ் இருபத்தாறு பேரு, அந்த அட்டையெல்லாம் இன்னும் வரவே இல்லீங்க."

கார்னருக்கு ஒருவர்

தலைமைப் பயிற்சியாளர் மிகேல் ஐரோப்பாவிலிருந்து வந்தவர். தம்முடன் மூவரை அழைத்து வந்திருந்தார். ஒருவர் உதவிப் பயிற்சியாளர். ஒருவர் உடற்தகுதிப் பயிற்சியாளர். மூன்றாமவருக்கு கார்னர் உதைகளும் ஃப்ரீகிக்குகளும் மட்டுமே வேலை. எங்கள் பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர் ஒரே ஒருவர்தான். பெருக்கல் வாய்பாட்டுக்கு ஓர் ஆசிரியரையும் வகுத்தலுக்கு இன்னோர் ஆசிரியரையும் எவர் நியமிப்பார் என்று நான் அலுவலகத்தில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன்.

முதல் ஆட்டத்தின்போது அந்த மூன்றாமவரைக் கவனித்தேன். கார்னர் கிடைத்தால் எழுந்து கோட்டருகே போவார், விரல்களால் ஏதோ காட்டுவார், முடிந்ததும் வந்து அமர்வார். இடைவேளையில் அவரிடம் ஆங்கிலத்தில், பள்ளியில் தாமதமாக வந்தவனை விசாரிக்கும் குரலில், "மீதி நேரத்தில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். இரண்டாம் பாதியில் எங்கள் அணி அடித்த ஒரே கோல் அவர் விரல் காட்டிய கார்னரிலிருந்துதான் வந்தது. அதை அவர் எனக்குச் சுட்டிக்காட்டவில்லை. என் கேள்விக்கு மட்டும், இடைவேளையிலேயே, மிகுந்த மரியாதையுடன் விடை சொல்லியிருந்தார்: "மற்றவர்கள் செய்வதைத்தான் செய்கிறேன் மேடம், உட்கார்ந்து கவலைப்படுகிறேன்."

தகுதி வரிசை

ஆட்டத்தின்போது மைதான ஓரத்து பெஞ்சில் அமரும் அலுவலர்களின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளரைத் தவிர எங்களுக்கு எட்டு இடங்கள். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு வேண்டியவரானாலும் பார்வையாளர் பகுதியில்தான் உட்கார வேண்டும். அந்தப் பட்டியலைப் பள்ளி ஆண்டு விழா மேடை போல எண்ணித் தகுதி வரிசைப்படி எழுதினேன். பயிற்சியாளர்கள் முதலில், பிறகு மருத்துவர், பிறகு பிசியோ, எட்டாவதாக, மடிக்கணினியில் ஆட்டத்தை ஆராயும் வீடியோ அனலிஸ்ட். சட்டைகளுக்கும் பூட்சுகளுக்கும் பொறுப்பான பவார் ஒன்பதாவதாக வந்தார். ஆகவே வரவில்லை.

ஆட்டம் பாதி கடந்தபோது எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு மூக்கில் அடிபட்டு, சட்டையில் ரத்தம் படிந்தது. ரத்தம் பட்ட சட்டையுடன் ஆடக்கூடாது என்பது விதி. நடுவர் அவரை வெளியே அனுப்பினார். மாற்றுச் சட்டை பெட்டியில் இருந்தது, பெட்டி பூட்டியிருந்தது, சாவி பவாரின் இடுப்பில் இருந்தது, பவார் எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தில் இருந்தார். அவர் ஓடி வந்தபோது காவலர் அனுமதிச் சீட்டு கேட்டு நிறுத்திவிட்டார். பத்துப் பேருடன் ஆடிய அந்த நேரத்தில் எங்கள் மீது கோல் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் பவார் என்னிடம் வந்தார். மராத்தியில் ஆசிரியையை 'பாயி' என்றே அழைப்பார்கள். அவரும் அப்படித்தான் அழைப்பார். குரலில் கோபமே இல்லை. "பாயி, டாக்டர் உள்ளே, கோச் உள்ளே, கம்ப்யூட்டர் உள்ளே. சட்டை மட்டும் வெளியே."

மூவருக்கு ஓர் அண்ணன்

கோல்கீப்பர் பயிற்சியாளர் செல்வத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வரும் வெட்கமெல்லாம் அவரைப் பற்றியது. அவருடைய தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போசரிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். செல்வமும் அங்கே பல ஆண்டுகள் இயந்திரத்தில் நின்றவர். தொழிற்சாலை அணிக்கு கோல்கீப்பராக ஆடியவர். மாலையில் வந்து எங்கள் கீப்பர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கி, பிறகு கழகமே முழு நேரத்துக்கு அழைத்ததால் தொழிற்சாலை வேலையை விட்டவர். மிகேல் வருவதற்கு ஓர் ஆட்டப் பருவம் முன்பே இது நடந்தது. இவ்வூரில் தென்னிந்தியர் எவரையும் அண்ணா என்றழைப்பார்கள். அதனால் அணி முழுவதும் அவருக்கு அண்ணா என்றே பெயர். மற்றவர்கள் மைதானத்துக்கு வருமுன் அவர் மூன்று கீப்பர்களோடு ஒரு மூலையில் தொடங்கியிருப்பார். மற்றவர்கள் போன பிறகும் அங்கேயே இருப்பார்.

கோல்கீப்பர் பயிற்சியாளருக்கான உரிமப் படிப்பில் அவர் சேர்ந்திருந்தார். மூன்று கட்டங்கள் கொண்ட படிப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும், இவர் இந்தக் கழகத்தின் முதல் அணிக் கீப்பர்களைப் பயிற்றுவிக்கிறார் என்று கழகம் கடிதம் கொடுக்க வேண்டும். அந்த உரிமம் இல்லாமல் அடுத்த பருவத்திலிருந்து எந்தத் தொழில்முறை அணியிலும் அவர் பொறுப்பில் இருக்க முடியாது. இரண்டு கட்டங்கள் முடிந்து, மூன்றாவது எஞ்சியிருந்தது. அவர் ஆங்கிலத்தில் நிரப்பிக் கொண்டுவந்த விண்ணப்பத்தை, அவரை எதிரே நிற்க வைத்துக்கொண்டே சிவப்பு மையால் திருத்தினேன். நாற்பது வயது கடந்த மனிதர், வகுப்பில் நிற்பது போல நின்றார். போகும்போது, படிப்பு முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இதே மூலையில நிப்பேன் டீச்சர். ஆனா யாரும் போன்னு சொல்ல முடியாது."

பக்கத்தின் அழகு

கழகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கப் பயிற்சியாளர் குழுவின் அமைப்பு வரைபடம் ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகள் அட்டவணை வரைந்தவளுக்கு இது திருவிழா. அளவுகோலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சியில் மிகேல். இடப்பக்கத்தின் தலைப்பு, தலைமைப் பயிற்சியாளரின் குழு. அதன் கீழ் அவர் அழைத்து வந்த மூவர். வலப்பக்கத்தின் தலைப்பு, கழகத்தின் குழு. அதன் கீழ் இந்திய உதவிப் பயிற்சியாளர், செல்வம், வீடியோ அனலிஸ்ட், பிசியோ, பவார் என ஐவர். மருத்துவர் போலப் பகுதி நேரமாக வருபவர்களுக்குக் கட்டம் தேவையில்லை. மூன்றும் ஐந்துமாகப் பக்கம் வலப்புறம் சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வை என்னால் பொறுக்க முடியவில்லை. செல்வத்தின் கட்டத்தை அழித்து இடப்பக்கத்தில் நான்காவதாக வரைந்தேன். நான்கும் நான்கும். கீப்பர் பயிற்சியாளர் எப்படியும் தலைமைப் பயிற்சியாளர் சொல்வதைத்தான் கேட்கிறார், ஆகவே இது பிழையாகாது என்று எனக்கு நானே ஒரு காரணமும் கொடுத்துக்கொண்டேன். 'விவரங்கள் சரியானவை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கார்த்திக் ஒப்புதல் அளித்தார்.

வரைபடத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது செல்வம் நீண்ட நேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "நான் மிகேல் சாருக்கு முன்னாடியே இங்க இருக்கேனே டீச்சர், என்னை ஏன் அந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். கட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் வேலை ஒன்றுதான், இதையெல்லாம் பெரிதுபடுத்தக் கூடாது என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், கீழே கிடந்த அவருடைய கையுறைப் பையை வழியிலிருந்து எடுக்கும்படியும் சொன்னேன். எடுத்துக்கொண்டார். "சரி டீச்சர். பார்க்க நல்லாத்தான் இருக்கு."

வந்தவரோடு போகிறவர்கள்

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தலைமைப் பயிற்சியாளர் தனியாக வருவதில்லை, தனியாகப் போவதுமில்லை. அவர் அழைத்து வந்த உதவியாளர்களின் ஒப்பந்தங்கள் அவருடைய ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டவை. ஆலமரம் சாய்ந்தால் விழுதும் சாயும். கழகத்தின் ஆட்கள் மட்டும் நிற்பார்கள். அடுத்து வருபவருக்கு எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆள் குறைந்தாலும் குழு கலையாமல் இருப்பதற்கு அந்தப் பிரிவினைதான் காரணம். கழகத்தின் அமைப்பிலேயே முக்கியமான கோடு அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தக் கோட்டைத்தான் நான் அழகுக்காக நகர்த்தியிருந்தேன்.

தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றோம். ஆறாவது ஆட்டத்துக்கு முன் மிகேலை விடுவிப்பதென்று வேறு ஊரில் உள்ள தலைமை அலுவலகம் முடிவு செய்தது. அவருடைய கடிதத்தை அவர்களே அனுப்பினார்கள். மற்றவற்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கார்த்திக் என் மேசைக்கு வந்து, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார்ட்ல லெஃப்ட் சைடுல இருக்கற நாலு பேருக்கும் லெட்டர் ரெடி பண்ணிருங்க மேடம். ஹெட் ஆபீஸ்ல சார்ட்டைக் கையில வச்சுட்டுத்தான் பேசறாங்க."

நான்கு கடிதங்கள்

மூன்று கடிதங்களை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நான்காவதற்கு ஒரு முழு முற்பகல். கார்த்திக்கின் அறை என் மேசையிலிருந்து பன்னிரண்டு அடி. எழுந்து போய், நான்காவது பெயர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததல்ல, நான் இடம் மாற்றியது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக உட்கார்ந்து யோசித்தேன். புதிதாக வருபவர் தமக்கு வேண்டிய கீப்பர் பயிற்சியாளரை அழைத்து வருவார். ஆகவே செல்வம் எப்படியும் போக வேண்டியவர்தான் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். 'விவரங்கள் சரியானவை' என்று எழுதியவள் அதே கையால் 'சரியானவை அல்ல' என்று எழுதுவது எவ்வளவு இழுக்கு என்பதைத்தான் நான் உண்மையில் யோசித்தேன். கடிதத்தை எழுதினேன். அதில் ஒரு காற்புள்ளிகூடப் பிழையில்லை.

மிகேல் விடைபெற வந்தபோது, மேசையில் இருந்த உறைகளின் மேல் பெயர்களைப் பார்த்தார். நான்காவதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டார். தம் வேலை போன வருத்தத்திலும் அவருடைய கண் பழுதில்லாமல் இருந்தது. மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "செல்வத்தை நான் கொண்டு வரவில்லை மேடம், கொண்டு போக எனக்கு உரிமையும் இல்லை."

மூன்றாவது கட்டத்துக் கடிதம்

செல்வத்திடம் உறையைக் கொடுத்தபோது, அவர் பயிற்சி முடிந்து புல் ஒட்டிய முழங்காலோடு வந்திருந்தார். வாசித்தார். வேலை ஏன் போயிற்று என்று கேட்கவில்லை. ஐந்து தோல்விக்குப் பிறகு எல்லாரும் போகிறார்கள், தாமும் போகிறோம் என்று எடுத்துக்கொண்டதாகவே நினைத்தேன். கேட்டது ஒன்றுதான்: உரிமப் படிப்பின் மூன்றாவது கட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் இன்னும் மூன்று வாரத்தில் வருகிறது, அதற்கான கடிதத்தை மட்டும் இன்றைக்கே கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கழகத்தின் பயிற்சியாளர் அல்ல; அப்படி இருக்க, பயிற்சியாளர் என்று நான் சான்று கொடுத்தால் அது பொய்ச் சான்றாகும், என் கையெழுத்தில் அப்படி ஒன்று வெளியே போகாது என்று விளக்கினேன். இதைச் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை என்பதை இன்றும் மறக்க முடியவில்லை. அவர் உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பரவால்ல டீச்சர். உங்களைப் பொய் எழுதச் சொல்ல மாட்டேன்."

புதியவர் கேட்டது

புதிய தலைமைப் பயிற்சியாளர் கோவாவைச் சேர்ந்தவர்; குறைவாகப் பேசுபவர். உதவிக்கு ஒருவர், உடற்தகுதிக்கு ஒருவர் என இருவரை மட்டுமே அழைத்து வந்தார். முதல் நாளே என் மேசைக்கு வந்து, கீப்பர் பயிற்சியாளர் எங்கே என்று கேட்டார். நீங்கள் அழைத்து வரவில்லையா என்றேன். கழகங்கள் கீப்பர் பயிற்சியாளரைத் தாங்களே வைத்திருப்பதுதான் தமக்குத் தெரிந்த வழக்கம் என்றார். நான் கண்டுபிடித்த நியாயம் அவ்வளவுதான் நீடித்தது.

பருவத்தின் நடுவில் உரிமமுள்ள ஆள் கிடைப்பது அரிது. ஆகவே அந்த மூலையில் மூன்று கீப்பர்களுக்கும் வீடியோ அனலிஸ்ட் பந்து அடிக்கலானார். நல்ல மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு அடிப்பார். மூத்த கீப்பர் ஒரு நாள் அலுவலகத்தில் தண்ணீர் குடிக்க வந்தார். எப்படிப் போகிறது பயிற்சி என்று, தெரியாதவள் போலக் கேட்டேன். அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்: "இவர் பந்து அடிக்கறதில்ல மிஸ், ஃபைல் அனுப்புற மாதிரி அனுப்புறாரு. அது வந்து சேர்றதுக்குள்ள நான் அண்ணாவுக்கு ஒரு ஃபோன் பண்ணிடலாம்."

இரண்டு வாக்கியங்கள்

அன்று மாலை பன்னிரண்டு அடி நடந்து கார்த்திக்கிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "சரின்னு நீங்க சைன் பண்ணிருக்கீங்க, நானு அப்ரூவ் பண்ணிருக்கேன். இப்பப் போயி தப்புன்னு சொன்னா லைசன்ஸுக்கே கேள்வி வரும்ங்க மேடம். கொஞ்ச நாள் போகட்டும்ங்க," என்றார். கொஞ்ச நாள் போகட்டும் என்பதை நான் உத்தரவாக ஏற்றுக்கொண்டேன். உத்தரவுகளுக்கு அப்படிக் கீழ்ப்படிந்தவள் அல்ல நான். ஆனால் இது எனக்கு வசதியான உத்தரவு. ஒன்பது நாட்கள் போயின. என் மேசைக் காலண்டரில் உரிமப் படிப்பின் கடைசி நாளை முன்பு நானே வட்டமிட்டிருந்தேன். அந்த வட்டம் நெருங்கியதைப் பார்த்தேன், வந்ததைப் பார்த்தேன், போனதையும் பார்த்தேன்.

பத்தாம் நாள் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டே வாக்கியங்கள்: செல்வம் கழகத்தின் குழுவைச் சேர்ந்தவர், மிகேலுடன் வந்தவர் அல்லர். வரைபடத்தில் அவரை இடம் மாற்றியவள் நான், அதற்கு என் விருப்பத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. விடை பிற்பகலிலேயே வந்தது. திருத்திய வரைபடம் அனுப்புங்கள், அவரைத் திரும்ப நியமியுங்கள். கண்டனம் இல்லை, விளக்கம் கேட்கவில்லை, உரிமத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு மனிதரின் படிப்பைப் பறித்து நான் காப்பாற்றிய மானத்தை அங்கே எவரும் கேட்கவே இல்லை. கார்த்திக் அந்த விடையை இரண்டு முறை வாசித்தார். "இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எழுதச் சொல்லிருப்பேனுங்களே மேடம்."

போசரியில்

செய்தியைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. ரிக்‌ஷா வைத்துக்கொண்டு போசரிக்குப் போனேன். செல்வம் பழைய தொழிற்பேட்டையிலேயே ஒப்பந்த ஆளாகச் சேர்ந்திருந்தார். ஷிஃப்ட் முடியும் வரை வாயிலுக்கு எதிரே ஒரு வடாபாவ் கடையில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தார். கடைக்காரரிடம் எனக்கு ஒரு தேநீர் சொன்னார். திரும்ப வரலாம் என்ற செய்தியை முதலில் சொல்லவில்லை. அதை முதலில் சொன்னால் மற்றது இனிப்பில் பொதிந்த மருந்தாகிவிடும் என்று தோன்றியது. கட்டத்தை நகர்த்தியது நான், கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும், கடைசி நாள் போகும் வரை வாய் திறக்கவில்லை என்று வரிசையாகச் சொன்னேன்.

"படிப்புக்கு அடுத்த சேர்க்கை எப்போது?" என்று கேட்டேன். இன்னும் அறிவிக்கவில்லை என்றார். இந்த ஆண்டு இருக்குமா என்றே தெரியவில்லையாம். அதுவரை திரும்ப வந்தாலும் உதவியாளர் என்ற பெயரில்தான் நிற்க முடியும். பிறகு, "வேற காரணம் எதுவும் இல்லையா?" என்று கேட்டார். பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், சாலையில் போகும் டெம்போக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "எந்த கோலுக்காக என்னை அனுப்பினாங்கன்னு இத்தனை நாளா யோசிச்சிட்டு இருந்தேன் டீச்சர். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். ஒண்ணும் பிடிபடல."

கையெழுத்து

ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். எனக்காக வரவில்லை, மூத்த கீப்பர் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்ததால் வந்தார். நியமனக் கடிதத்தையும் திருத்திய வரைபடத்தையும் மேசையில் தயாராக வைத்திருந்தேன். இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் ஐவர். பேனாவைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதற்கு முன் என் மேசை முன் அவர் உட்கார்ந்ததில்லை. நானும் உட்காரச் சொன்னதில்லை.

முதல் வரியில் விரலை வைத்து ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கினார். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார்; சொன்னேன். நான் சொன்னதைத் தம் கைப்பேசியிலும் ஒரு முறை தேடிப் பார்த்தார். வரைபடத்தை எடுத்து, தம் கட்டத்திலிருந்து மேலே போகும் கோடு எங்கே சேர்கிறது என்று நகத்தால் பின்பற்றினார். பவார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஏறக்குறைய இருபது நிமிடங்கள் நான் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். மூன்றாவது பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் தலை நிமிராமல் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இனிமே முழுசாப் படிச்சிட்டுத்தான் போடுவேன்."

ஒரு கால்பந்து அணிக்கு எத்தனை பயிற்சியாளர்கள் தேவை என்பது எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியவில்லை. அவர்களைக் கட்டம் போட்டுக் காட்ட ஒருத்தி போதும் என்பதும், அந்த ஒருத்தியைக் கண்காணிக்க இன்னும் இரண்டு பேரையாவது நியமிப்பது நல்லது என்பதும் மட்டும் தெரிகிறது.